வந்துவிட்டீர்கள் என்ற பிறகும் மிச்சமிருக்கும் ஐம்பது மீட்டர்

அக்கா மகன் எங்கள் கேட்டரிங் வேனை ஓட்டச் சேர்ந்த முதல் வாரம். சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அவனிடமிருந்து அழைப்பு. "மாமா, வந்துட்டீங்கன்னு சொல்லுது. ஆனா இங்க வேலிதான் இருக்கு, வாசலக் காணோம்." வேனுக்குள் 120 பேருக்கு வளைகாப்புச் சாப்பாடு, ஏழு வகைச் சாதம். பெண்ணை மணையில் உட்கார வைப்பது பதினொன்றுக்கு. அவன் நின்றது ஒரு கொண்டோமினியத்தின், அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்தின், முதுகுப் பக்கம். வாசலோ அந்தண்டைச் சாலையில். சுற்றிக்கொண்டு போக இரண்டு கிலோமீட்டர், இடையில் மூன்று விளக்கு. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் கடைசிப் பாத்திரம் லிஃப்டில் ஏறியது.

அன்று ராத்திரி அவனை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். 1998இலிருந்து இந்தச் சிங்கப்பூர்த் தீவில் சாப்பாடு கொண்டுபோய் இறக்குகிறேன். தெரு வழிகாட்டிப் புத்தகத்தை ரப்பர் பேண்ட் போட்டு ஸ்டியரிங்மேல் வைத்து ஓட்டிய காலமும் தெரியும், போன் பேசி வழி சொல்லும் காலமும் தெரியும். புதிதாக வேன் ஓட்ட வருகிறவர்களும் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இது: திரையில் ஓடும் ஒவ்வொரு கோட்டையும் யாரோ ஒருவர் ஒரு நாள் பார்த்துப் பதிந்து வைத்திருக்கிறார். அவர் எதைப் பார்க்கப் போனார், எப்போது போனார் என்று யோசித்தால், அது எங்கே தவறும் என்பது பிடிபட்டுவிடும்.

முதல் நாள் ராத்திரி: ஆறு எண்ணைப் படியுங்கள்

தெருப் பெயரைத் தட்டி வழி கேட்காதீர்கள். சிராங்கூன் சாலை ஒன்று, அப்பர் சிராங்கூன் சாலை ஒன்று, சிராங்கூன் நார்த் அவென்யூ, சிராங்கூன் கார்டன் வே என்று வரிசையாக இருக்கின்றன. ஒன்றுக்குப் போக நினைத்து இன்னொன்றில் போய் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எப்போதும் அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள். 1995இல் ஆறு எண் முறை வந்ததிலிருந்து இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. உலகத்தில் இந்த வசதி எத்தனை ஊருக்கு இருக்கிறது சொல்லுங்கள்.

அந்த எண்ணைப் படிக்கவும் தெரிந்துகொள்ள வேண்டும். தேக்கா சந்தையின் குறியீடு 210665. முதல் இரண்டு எண் வட்டாரம். கடைசி மூன்று எண் புளோக். தேக்கா சந்தை இருப்பது பஃபலோ சாலை புளோக் 665இல். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குகளில் பெரும்பாலும் இப்படித்தான். அங் மோ கியோ புளோக் 123 என்றால் 560123. புளோக் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி என்று எழுத்து இருந்தால் நடுவில் உள்ள சுழி மாறும்: ஏ என்றால் 1, பி என்றால் 2. செங்காங்கில் 308ஏ என்றால் 541308. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் 308பி என்று எழுதிவிட்டு 541308 என்று குறியீடு கொடுத்தால், இரண்டில் ஒன்று தப்பு. கிளம்புவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. தெம்பனிஸ் மாதிரியான பேட்டைகளில் தெரு எண்ணும் புளோக் எண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி. தெம்பனிஸ் ஸ்திரீட் 81 என்றால் புளோக் எண் 8இல் தொடங்கும். ஸ்திரீட் 81, புளோக் 214 என்று ஆர்டர் வந்தால் எனக்கு உடனே உறுத்தும். எல்லாப் பேட்டையிலும் இந்தக் கணக்கு சுத்தமாக வராது. ஆனாலும் பழகிக்கொண்டால் பாதித் தவறுகள் அடுப்படியிலேயே பிடிபடும்.

தனியார் கட்டடங்களுக்குக் குறியீட்டிலிருந்து எண்ணைப் பிரிக்க முடியாது. அங்கே வேறு வேலை இருக்கிறது.

ஊசியை வாசலில் குத்துங்கள்

அக்கா மகனுக்கு என்ன நடந்தது? குறியீட்டைப் போட்டான். வரைபடம் அந்தக் குறியீட்டுக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறது. அந்தப் புள்ளி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவிலோ வளாகத்தின் நடுவிலோ இருக்கும். புள்ளிவரை வண்டி போக முடியாது. ஆகவே அதற்கு மிக அருகில் எந்தச் சாலை ஓடுகிறது என்று பார்த்து அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. அருகில் ஓடுவது பின்பக்கச் சாலையாக இருந்தால் வேலிதான் கிடைக்கும். ஒருமுறை என்னைப் பிஐஇ விரைவுச்சாலையின் ஓரத்திலேயே வந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண வீட்டு மாவிலைத் தோரணம் தெரிந்தது.

இதற்கு வழி எளிது. முதல் நாள் ராத்திரி போனில் அந்த இடத்தைத் திறந்து, வானிலிருந்து எடுத்த படத்துக்கு மாற்றுங்கள். கொண்டோமினியம் என்றால் காவலர் கூண்டும், தூக்கி இறக்கும் தடுப்பும், உள்ளே வளைந்து போகும் பாதையும் தெரியும். தெருப் படம் இருந்தால் அதில் இறங்கி வாசலைக் கண்ணால் பாருங்கள். பார்த்ததும் விரலை வாசல்மேல் அழுத்திப் பிடித்தால் அங்கே ஊசி விழும். அந்த ஊசிக்குத்தான் வழி கேட்க வேண்டும். பெயருக்கு வழி கேட்கக் கூடாது. சாமான் இறக்கும் இடம் தனியாக இருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். பல கட்டடங்களில் அது வேறொரு சாலையில் திறக்கும். சில இடத்தில் விருந்தினர் வாசல் வழியாக வேனை விடவே மாட்டார்கள்.

இந்த ஐந்து நிமிடம் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. ஆனால் சாம்பார் ஆறாமல் போய்ச் சேர்வது இதில்தான் இருக்கிறது.

இந்தக் கோடுகள் வந்த கதை

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், காரணம் இருக்கிறது. 1981இல் ஜப்பானில் ஹோண்டா ஒரு கருவி கொண்டுவந்தது. கண்ணாடித் தாளில் அச்சிட்ட வரைபடத்தைத் திரைமேல் செருக வேண்டும், வண்டி நகர நகர ஒரு புள்ளி நகரும். 1985இல் கலிஃபோர்னியாவில் ஈடாக் என்ற கம்பெனியின் கருவி வந்தது. கம்பெனியைத் தொடங்கியவர் ஸ்டான் ஹனி, பாய்மரப் படகுப் பந்தயங்களில் வழி கணிப்பவர். வரைபடம் கேசட்டில் இருந்தது. பெரிய நகரம் என்றால் ஒரு கேசட் போதாது, மாற்றி மாற்றிப் போட வேண்டும். செயற்கைக்கோள் உதவி எதுவும் இல்லை. சக்கரம் எவ்வளவு சுற்றியது, திசைகாட்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்குப் போட்டு இடத்தை ஊகிக்கும். ஊகம் கொஞ்சம் விலகினாலும், வண்டி ஒரு முனையில் திரும்பியதும் வரைபடத்தில் அப்படித் திரும்பக்கூடிய சாலை எது என்று பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இந்தக் கடைசி வித்தை உங்கள் போனிலும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நீங்கள் சாலையை விட்டு விலகி நின்றாலும் அம்பு சாலைமேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அம்பு நிற்கும் இடம் அதன் ஊகம். அதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈடாக் என்ற பெயர் பசிபிக் தீவுக்காரர்களின் கடல்வழிக் கலையிலிருந்து எடுத்தது. படகு அசையாமல் நிற்கிறது, தீவுகள்தான் நம்மை நோக்கி வருகின்றன என்று மனதில் வைத்து அவர்கள் வழி கணித்தார்கள். ஈடாக்கின் திரையும் அப்படித்தான்: கார் நடுவில் நிற்கும், ஊர் சுழலும். இன்று போனில் வண்டி போகும் திசை எப்போதும் மேலே இருப்பது போல வைக்கிறோமே, அதேதான். புதிதாக ஓட்டுகிறவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இடது வலது குழம்பாது. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை வடக்கு மேலே இருக்கும்படி மாற்றி முழு வழியையும் பாருங்கள். ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மனதில் பதிந்தால்தான், போன் செத்துப் போனாலும் வண்டி போகும்.

அப்புறம் வரைபடமே பெரிய வியாபாரம் ஆனது. நெதர்லாந்தில் டெலி அட்லஸ், அமெரிக்காவில் நாவ்டெக் என்று இரண்டு கம்பெனிகள். நாவ்டெக் ஆட்கள் இரண்டிரண்டு பேராகக் காரில் ஏறி, ஒருவர் ஓட்ட ஒருவர் பதிய, சாலை சாலையாகப் போனார்கள். எத்தனை தடம், எங்கே திரும்பக் கூடாது, எது ஒருவழி, பலகையில் என்ன எழுதியிருக்கிறது எல்லாம் பதிவாயின. கருவி எந்தக் கம்பெனி பெயரில் விற்றாலும் உள்ளே இருந்த வரைபடம் பெரும்பாலும் இந்த இருவரில் ஒருவருடையது. 2000 மே மாதம் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்குவதை நிறுத்தியதும் இந்தத் தொழில் பறந்தது. 2008இல் வழிகாட்டிக் கருவி விற்ற டாம்டாம் 290 கோடி யூரோ கொடுத்து டெலி அட்லஸை வாங்கியது. அதே ஆண்டு நோக்கியா 810 கோடி அமெரிக்க டாலருக்கு நாவ்டெக்கை வாங்கி முடித்தது. அடுத்த ஆண்டே கூகல் போனில் வழிகாட்டலை இலவசமாகக் கொடுத்தது. 2015இல் நோக்கியா தன் வரைபடப் பிரிவை ஜெர்மன் கார் கம்பெனிகளுக்கு 280 கோடி யூரோவுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது.

வேன் ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு? சாலையைப் பதிந்தவர்கள் எல்லாரும் காரில் போனவர்கள். காரின் கண்ணுக்குத் தெரிந்ததுதான் முதலில் பதிவானது. வேனுக்கு எது முக்கியம், எந்தப் படியில் பாத்திரம் ஏறாது என்பதெல்லாம் அவர்கள் பார்க்கப் போன விஷயம் இல்லை. நம் வட்டாரத்தில் வாடகைக் கார் செயலியான கிராப் சொந்த வரைபடம் செய்யத் தொடங்கி, தன் ஓட்டுநர்களையே சாலையைப் படமெடுக்க வைத்து, 2022இல் அதை மற்ற நிறுவனங்களுக்கும் கொடுக்க முன்வந்தது. சந்து, பின்வாசல், உணவங்காடி நுழைவாயில் எல்லாம் அன்றாடம் போகிறவர்களுக்குத்தான் தெரியும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். எனக்கு அதில் நிஜமான சந்தோஷம்.

சுரங்கத்துக்குள் போனை மறந்துவிடுங்கள்

2013 டிசம்பர் 30, திங்கட்கிழமை. முதல் நாள்தான் எம்சிஇ விரைவுச்சாலை திறந்திருந்தது. சிங்கப்பூரில் கடலுக்கடியில் போகிற முதல் விரைவுச்சாலை, ஐந்து கிலோமீட்டரில் மூன்றரை சுரங்கம். தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்துக்கு 60 பேருக்கு இட்லி, பொங்கல். அப்போது நான் கண்ணாடியில் ஒட்டும் கருவியைத்தான் வைத்திருந்தேன். புதுப்பிக்கக் காசு கேட்டதால் இரண்டு வருடப் பழைய வரைபடம். அது ஷியர்ஸ் பாலத்தின் மேலே பழைய வழியில் போகச் சொன்னது; தலைக்கு மேல் பலகை வேறு ஒன்றைச் சொன்னது. நான் கருவியைப் பார்த்து, பலகையைப் பார்த்து, கடைசி நொடியில் சுரங்கத்துக்குள் இறங்கினேன். உள்ளே அம்பு காற்றில் மிதந்தது. எனக்கு முன்னால் போனவர்களும் எந்த வெளிவழி என்று தெரியாமல் மெதுவாகப் போனார்கள். அன்று காலை அந்தப் பக்கம் முழுக்க நெரிசல். இட்லி நாற்பது நிமிடம் தாமதம்.

சுரங்கத்தில் செயற்கைக்கோள் சிக்னல் வராது. கேபிஇ விரைவுச்சாலையில் 12 கிலோமீட்டரில் ஒன்பது நிலத்துக்கடியில். உள்ளே போனதும் போன் பெரும்பாலும் உங்கள் கடைசி வேகத்தை வைத்து ஊகித்துக்கொண்டே போகும். நீங்கள் நெரிசலில் நின்றால் அது முன்னால் போய்விடும், வெளிவழி முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லும். கார் கம்பெனியே பொருத்திக் கொடுத்த வழிகாட்டி சக்கரச் சுற்றையும் எண்ணுவதால் கொஞ்சம் மேல். பழைய ஈடாக் வித்தை இங்கே கைகொடுக்கிறது. போன் வைத்து ஓட்டுகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள்: சுரங்கம் வருவதற்கு முன்பே வெளிவழி எண்ணையும், அதற்கு முந்தைய வெளிவழி எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். முந்தையது பலகையில் தெரிந்ததும் இடது தடத்துக்கு வாருங்கள். உள்ளே பலகை மட்டுமே சாட்சி. தவறவிட்டால் தவறவிட்டதுதான், அடுத்ததில் வெளியேறுங்கள். கடைசி நொடியில் கோட்டைத் தாண்டி வெட்டாதீர்கள். பின்னால் பாத்திரங்கள் இருக்கின்றன, அதற்குப் பின்னால் மோட்டார்சைக்கிள்காரர் இருக்கிறார்.

மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை என்று இருக்கும் இடமும் இதே கதை. கெப்பல் சாலைக்கு மேலே ஏஒய்இ விரைவுச்சாலை மேம்பாலமாக ஓடுகிறது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்துக்கு இரண்டும் ஒரே கோடு. நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்று போனுக்கு நிச்சயமாகத் தெரியாது. மேம்பாலத்தில் போகும்போது 200 மீட்டரில் இடப்பக்கம் திரும்பு என்று சொன்னால் பதற வேண்டாம். ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் உயரக் கட்டடங்களில் சிக்னல் மோதித் தெறித்து வருவதால் அம்பு பக்கத்துத் தெருவுக்குத் தாவும். பக்கத்துத் தெருவோ ஒருவழி, எதிர்த் திசை. அங்கே தெருப் பலகையைப் பார்த்து ஓட்டுங்கள்.

போனைக் கண்ணாடிக்கு அருகே பிடிப்பானில் மாட்டுங்கள். மடியில் வைத்தால் சிக்னலும் மோசம், சட்டமும் விடாது. வண்டி ஓடும்போது போனைக் கையில் பிடித்து இயக்குவது குற்றம். முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழியை மாற்ற வேண்டுமென்றால் எங்காவது ஒதுங்கி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

வேன் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை

போன் காட்டும் நேரம் காருக்கானது. விரைவுச்சாலையில் கார் 80, 90இல் போகலாம். நம் சிறிய வேனுக்கு எல்லை 70. தெங்காவிலிருந்து சாங்கி வரை என்றால் அந்த வித்தியாசம் சேர்ந்துவிடும். நான் காட்டும் நேரத்தோடு ஆறில் ஒரு பங்கு கூட்டிக்கொள்கிறேன், சாமான் இறக்கப் பதினைந்து நிமிடம் தனி. பல மாடிக் கார்நிறுத்துமிடத்தின் உயரம் வரைபடத்துக்குத் தெரியாது. உங்கள் வேனின் உயரத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்; நுழைவில் தொங்கும் கம்பியில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட ஒரு நொடி போதும். பேருந்துத் தடத்தின் நேரமும் அப்படியே: வார நாளில் காலை 7.30 முதல் 9.30, மாலை 5 முதல் 8 வரை மஞ்சள் கோட்டுக்குள் போகாதீர்கள். சிவப்புக் கோடு கூடப் போட்டிருந்தால் நாள் முழுக்கத் தடை.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போகிறவர்கள் அந்தப் பகுதி வரைபடத்தை வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். எல்லை தாண்டத் தேவையான முக்கால் தொட்டி எண்ணெய் இருக்கிறதா என்று வரைபடம் நினைவூட்டாது.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி போகும். அன்று சிராங்கூன் சாலைக்குள் வழி கேட்கவே கேட்காதீர்கள். சாலை மூடல் அறிவிப்பை முதல் வாரமே படித்து, வண்டியை எங்கே நிறுத்தி எந்தச் சந்தில் தள்ளுவண்டியில் கொண்டு போவது என்று நடந்து பார்த்துவிடுங்கள். நான் இன்றைக்கும் நடந்துதான் பார்க்கிறேன்.

திருத்திவிட்டு வாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, எனக்கு அதில் வருத்தம். தவறான வாசலில் போய் நின்றால் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். மறுநாள் இன்னொரு ஓட்டுநர் அதே வேலிக்கு முன்னால் நிற்கிறார். மருந்து கொண்டு போகிறவராக இருக்கலாம்.

சாமான் இறக்கிய பிறகு, வண்டி நின்றிருக்கும்போது, வாசலைப் படமெடுங்கள். காவலர் கூண்டும் கட்டடப் பெயரும் ஒரே படத்தில் விழ வேண்டும். அப்புறம் செயலியில் அந்த இடத்தைத் திறந்து திருத்தம் சொல்லும் பகுதிக்குப் போங்கள். ஊசியை வாசலுக்கு நகர்த்துங்கள், படத்தைச் சேருங்கள். "தவறு" என்று மட்டும் எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "வண்டி நுழைவு இந்தச் சாலையில் மட்டும், பின்பக்கம் வேலி, வழி இல்லை" என்று எழுதுங்கள். வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியிலும் திருத்தலாம், ஓப்பன்ஸ்திரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே வரையலாம். ஒன்றில் திருத்தினால் இன்னொன்றில் தானாக மாறாது, அவரவருக்கு அவரவர் வரைபடம். நாம் எதைப் பயன்படுத்துகிறோமோ அதில் முதலில் திருத்துவோம். சிங்கப்பூர் நில ஆணையத்தின் வரைபடமான ஒன்மேப்பையும் ஒரு பார்வை பாருங்கள். கட்டட எண்ணும் குறியீடும் சந்தேகம் வந்தால் நான் அங்கேதான் சரிபார்க்கிறேன்.

திருத்தம் ஏறச் சில நாள் ஆகலாம், ஏறாமலும் போகலாம். அதனால் வேனில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். எங்கள் வேனில் இருப்பது மூன்றாவது. ஒரு வரியில் குறியீடு, வாசல் எந்தச் சாலையில், உயரம், லிஃப்டுக்கு எத்தனை படி, காவலர் எதைக் கேட்பார். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். அக்கா மகன் அந்த வளைகாப்பு வீட்டு வாசலை எழுதியிருக்கிறான், கீழே ஒரு வரி: "பின்பக்கம் வேலி. ஊசி நகர்த்தச் சொல்லியிருக்கு. 14ஆம் தேதி திரும்பப் பார்க்கணும்."